கோடு கிழிப்பதற்கு முன்னால்

நாளிதழ்களை முதற்பக்கத் தலைப்பு முதல் அச்சகத்தின் விலாசம் வரை ஒரு வரி விடாமல் வாசிக்கும் வழக்கமுடையவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர வேறு எவர் கண்ணிலும் படாத ஒரு மூலை ஒவ்வொரு நாளிதழிலும் உண்டு. ஏல அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற விளம்பரங்களுக்கும் நடுவே, பொடி எழுத்தில், இன்ன தாலுகா, இன்ன கிராமம், இன்ன சர்வே எண்கள் அடங்கிய நிலம் இன்ன பொதுக் காரியத்துக்குத் தேவைப்படுகிறது என்றும், ஆட்சேபம் உடையவர்கள் இன்ன தேதிக்குள் எழுத்து மூலமாகத் தெரிவிக்கலாம் என்றும் அங்கே அச்சாகியிருக்கும். சட்டம் விதித்த கடமை அத்துடன் நிறைவேறிவிடுகிறது. அந்த நிலத்தின் மேல் வீடு கட்டிக்கொண்டு வாழ்கிற மனிதருக்குத் தம் கதவு எண் தெரியும், மின் இணைப்பு எண் தெரியும், குடும்ப அட்டை எண்கூட மனப்பாடமாகத் தெரியும். சர்வே எண் தெரியாது. ஆகவே அறிவிப்பு வந்ததும் அவருக்குத் தெரியாது, அவகாசம் முடிந்ததும் தெரியாது. அளவு நாடாவும் சிவப்புச் சாயமுமாக வந்தவர்கள் வாசற்சுவரில் ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போகிற அன்றைக்குத்தான், நகரத்தின் அபிவிருத்தி தம் வீட்டின் வழியாகப் போகப்போகிறது என்பதை அவர் அறிகிறார்.

நகரத்தின் வளர்ச்சிக்கும் ஸ்தலவாசிகளின் குறைகளுக்கும் இடையே சமரசம் காண வேண்டும் என்று மேடையில் பேசாதவர் இந்நாளில் இல்லை. ஆனால் அந்தச் சமரசத்தை நாம் தேடப் புறப்படுகிற நேரம் பிசகானது என்பதே என் அபிப்பிராயம். இடம் தீர்மானமாகி, பணம் ஒதுக்கப்பட்டு, ஒப்பந்தக்காரரும் நியமனமாகி, அமைச்சர் அடிக்கல்லும் நாட்டியான பிறகு குடியிருப்பவர்களை அழைத்து அவர்கள் கருத்தைக் கேட்பது, துணியை வெட்டிவிட்டு அளவெடுக்கிற தையற்காரரின் காரியம். அந்த நிலையில் அவர்களால் சொல்லக்கூடியவை இரண்டே சொற்கள், சரி என்பது ஒன்று, கூடாது என்பது மற்றொன்று. 'கோயிலுக்கு மேற்கே திரும்பினால் பத்து வீடு தப்புமே' என்றும், 'மழைக்காலம் முடிந்து ஆரம்பித்தால் என்ன' என்றும், 'பள்ளிக்கூடத்துப் பக்கம் வாசல் வைக்காதீர்கள்' என்றும் யோசனை சொல்லியிருக்கக்கூடிய காலம் கழிந்துவிட்டது. யோசனை சொல்ல இடமில்லாதவருக்கு மறியல் ஒன்றே மிஞ்சுகிறது. மறியல் செய்தவரை முன்னேற்றத்தின் விரோதி என்று பட்டம் கட்டுவதும் பிறகு சுலபமாகிவிடுகிறது.

சட்டங்களே இந்தப் பிசகுக்கு இடங்கொடுக்கின்றன. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடைபெறும் பொது விசாரணைக்குக் குறைந்தபட்சம் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பந்தல் போடுகிறார்கள், ஒலிபெருக்கி வைக்கிறார்கள், மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்கிறார். ஆயினும் அந்தப் பந்தலுக்கு வருவதற்கு முன்பே இடமும் நிச்சயமாகி, வரைவு அறிக்கையும் தயாராகியிருக்கும். அதைவிட விசேஷம், கட்டடங்களையும் நகரியங்களையும், புதிதாக நிலம் எடுக்காத சாலை விரிவாக்கங்களையும் அதே அறிவிக்கை கருத்துக் கேட்பிலிருந்து அடியோடு விலக்கியிருப்பது. நகரத்தில் நடப்பவற்றில் பெரும்பங்கு எவையோ அவற்றைப் பற்றி நகரத்தாரைக் கேட்கவே வேண்டியதில்லை என்று இதற்கு அர்த்தம். 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீடு என்ற நல்ல ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. நம் மாநிலமோ நெடுஞ்சாலைகளுக்கும் தொழில் திட்டங்களுக்கும் நிலம் எடுக்கும் தன் சொந்தச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்குப் பெற்றுக்கொண்டது.

எதிர்ப்பு எழுந்த திட்டமெல்லாம் தவறான திட்டம் என்று சாதிக்க நான் முன்வரவில்லை. சென்னையில் ஜார்ஜ் டவுனின் சந்துகளுக்குள்ளே கொத்தவால் சாவடி இருந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள், விடியற்காலையில் அங்கே லாரியும் கைவண்டியும் தலைச்சுமைக்காரரும் அழுகிய கோசுத் தழையும் ஒன்றாய்க் கலந்து கிடந்த காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சந்தையை வெளியே கொண்டுபோக வேண்டும் என்று சர்க்கார் முனைந்தபோது, தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருந்த வியாபாரிகள் லேசில் சம்மதிக்கவில்லை. எனினும் 1996-இல், சுமார் 295 ஏக்கர் வளாகமாகப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் நிர்மாணித்த கோயம்பேட்டுச் சந்தை திறக்கப்பட்டது. அது நகரத்துக்கு நன்மையாகவே முடிந்தது என்பதை அன்று எதிர்த்தவர்களின் பிள்ளைகளே இன்று ஒப்புக்கொள்வார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோயம்பேட்டுக்குப் போனது கடை மட்டுமன்று; கடையோடு கூட வெளியூரிலிருந்து வரும் லாரியும், மூட்டை இறக்குபவரும், சில்லறைக்கு வாங்க வருபவரும் ஒருசேர அங்கே போனார்கள். வியாபாரிக்கு மாறியது இடந்தான்; வாடிக்கைக்காரர் அவரைத் தேடி வந்தார். இதே நகரம் தன் ஏழைகளை இடம் மாற்றியபோது அவ்வாறு செய்யவில்லை.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் ஸ்தாபிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அதற்குரிய சட்டமும் வந்தது. ஆரம்ப காலத்தில் அவ்வாரியம் மேற்கொண்ட முறை இன்று நினைத்தாலும் வியப்பளிக்கிறது. குடிசை எங்கே இருந்ததோ அங்கேயே, அல்லது அதற்கு அடுத்தாற்போல, மாடி வீடுகளைக் கட்டி, அதே ஜனங்களை அதே இடத்தில் குடியேற்றினார்கள். அந்தக் கட்டடங்களின் சுவரும் குழாயும் பின்னால் சீரழிந்தன, பராமரிப்பு இல்லை, படிக்கட்டுகள் இருண்டன என்பதெல்லாம் மெய்யே. ஆனால் அங்கே குடியிருந்தவர்களின் ஜீவனோபாயம் சீரழியவில்லை. பிறகு நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏற ஏற, ஏழைகளுக்குரிய இடம் நகரத்தின் விளிம்பிலேயே என்ற எண்ணம் அதிகாரிகளின் மனத்தில் மெல்ல வேரூன்றியது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணகி நகர் எழுந்தது. சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி வந்தது. அதன் பின்னர் அடுக்கடுக்காகப் பெரும்பாக்கம் வந்தது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவ்விடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டன.

கரையை விட்டு எழுப்பியது அவர்களுடைய நன்மைக்கே என்று சொல்லப்பட்டது. அதில் பொய் இல்லை. வெள்ளம் வரும்போது முதலில் மூழ்குவது அவர்கள் குடிசைகள்தாம். கொடுக்கப்பட்ட வீடும் குடிசையன்று; காங்கிரீட் கூரையும் கழிப்பறையும் மின்சாரமும் உள்ள வீடு. ஆனால் சிந்தாதிரிப்பேட்டையை அடுத்த கூவக்கரையில் இருந்துகொண்டு, காலையில் நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டுப் பத்து மணிக்குள் தன் வீட்டு உலையை ஏற்றிய ஒரு பெண்ணின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாக்கத்திலிருந்து அந்த நாலு வீட்டுக்குச் சாலை வழியே இருபது கிலோமீட்டருக்குக் குறையாது. விடியுமுன் பஸ் பிடித்து, நெரிசலில் நின்றுகொண்டே வந்து, வேலை முடித்துத் திரும்பும்போது குழந்தை பள்ளிக்குப் போயிற்றா இல்லையா என்பதை அக்கம்பக்கத்தாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அக்கம்பக்கத்தாரோ குலுக்கல் சீட்டு கொண்டுவந்து சேர்த்த அந்நியர்கள். நாலு வீட்டு வேலையில் இரண்டை அவள் விட்டுவிடுவாள். கொஞ்ச நாளில் மற்ற இரண்டையும் விடுவாள். மீன்பாடி வண்டி ஓட்டியவனுக்கும், பூக்கட்டி விற்றவளுக்கும், ஆஸ்பத்திரி வாசலில் இட்லிக்கடை போட்டவளுக்கும் இதே கதிதான். சொந்த வீடு கிடைத்த பிறகும் அதைப் பூட்டிவிட்டு நகரத்துக்குள் வாடகைக்கு ஒண்டுக்குடித்தனம் வந்தவர்கள் உண்டு என்றால், அவர்களை நன்றியற்றவர்கள் என்று ஏசுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது உத்தமம்.

கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? கரையிலேயே இருப்போம் என்று எல்லோரும் பிடிவாதம் பிடித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. வெள்ளத்தில் பாயும் பாத்திரமும் போனவர்களுக்கு ஆற்றின் மேல் காதல் இராது. பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருப்பார்கள். ஒரே தெருவார் ஒரே கட்டடத்தில் இருக்கும்படி வீடு ஒதுக்குங்கள் என்று சொல்லியிருப்பார்கள். இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் சும்மா கிடக்கிற அரசாங்க நிலம் இன்னின்னது என்று, அதிகாரிகளின் பதிவேட்டில்கூட இல்லாத ஒரு ஜாபிதாவைக் கொடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஏற்றிருக்க முடியாது. சிலவற்றை ஏற்றிருந்தாலே காரியம் வேறு விதமாய் முடிந்திருக்கும்.

வெள்ளத்துக்குப் பயந்து எழுப்பப்பட்டவர்கள் போய்ச் சேர்ந்த இடம் எது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அண்டையில், தாழ்ந்த பூமியில் அமைந்தவை பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும். பெருமழை பெய்தால் அங்கேயும் தெருவில் தண்ணீர் நிற்கிறது. நீர்வழியை ஆக்கிரமித்தவர்கள் என்று ஏழைகளுக்குப் பெயர் சூட்டிய அதே அரசாங்க யந்திரம், பக்கிங்ஹாம் கால்வாயின் நடுவிலேயே தூண்களை நிறுத்திப் பறக்கும் ரயிலை ஓட்டியது. விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை அடையாற்றின் குறுக்கே பாலம் போட்டு நீட்டியது. 2015 டிசம்பரில் அந்த விமான நிலையம் நீரில் மூழ்கிப் பல நாள் மூடிக்கிடந்தது. தூண்களையும் ஓடுபாதையையும் எடுத்துவிட வேண்டும் என்று நான் வாதிக்கவில்லை. ரயிலும் வேண்டும், விமானமும் வேண்டும். ஆனால் ஆக்கிரமிப்பு என்ற குற்றச்சாட்டுக் குடிசைக்காரரை நோக்கி மட்டும் எழும்போது அது நியாயத்தின் குரலாகக் கேட்கவில்லை.

ஸ்தலவாசிகளைக் கேட்பது தயவு தாட்சண்யத்தினால் செய்ய வேண்டிய உபகாரம் என்றே பலர் எண்ணுகிறார்கள். அவர்களிடம் இருப்பது குறை மட்டுமன்று, ஞானமும் இருக்கிறது என்பதை அப்படி எண்ணுகிறவர்கள் யோசிப்பதில்லை. தியாகராய நகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டத்துக்குப் பின்னர், அந்தப் பத்தாண்டில், நகரத்தின் மேற்கே நீளப் பரந்து கிடந்த ஏரியின் நிலத்தை மெல்ல மெல்ல வற்றச் செய்து, பனகல் பூங்காவை நடுவில் வைத்து, அகன்ற வீதிகளோடு அழகான ஒரு பேட்டையை நிர்மாணித்தார்கள். நகர நிர்மாணத்துக்கு நல்ல உதாரணம் என்று அதைப் பாராட்டாதவர் இல்லை, நானும் பாராட்டுகிறேன். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா என்றும், மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றும் பெயர்ப்பலகைகள் இருக்கின்றன; ஏரிதான் இல்லை. பெருமழை வருகிற வருஷங்களில் அந்த ஏரி மட்டும் தன் பழைய விலாசத்தை மறவாமல் ஜி.என். செட்டி சாலைப் பக்கம் வந்துவிடுகிறது. தண்ணீர் எந்தச் சந்தில் முதலில் ஏறும், எந்த வீட்டுப் படியைத் தொட்டால் அடுத்த மணி நேரத்தில் கட்டிலைத் தூக்க வேண்டும் என்பதை மாம்பலம் கால்வாயோரம் ஐம்பது வருஷம் குடியிருந்த கிழவர் ஒருவர் சொல்வதைப்போல எந்த வரைபடமும் சொல்லாது.

இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்த ஒருவர் நம் ஊர்களில் நடந்து திரிந்தார் என்பது இப்போது பெரும்பாலும் மறந்துபோன செய்தி. ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெட்டஸ் கற்பித்தது தாவர சாஸ்திரம். ஈடுபட்டதோ நகரங்களின் வாழ்வில். சென்னையின் கவர்னராயிருந்த பென்ட்லண்ட் பிரபு அவரை வரவழைத்தார். நகரங்களைப் பற்றிய படங்களும் வரைபடங்களும் அடங்கிய அவருடைய கண்காட்சிப் பொருள்கள் ஏறி வந்த கப்பலை, 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் மேல் குண்டு வீசிய அதே எம்டன் போர்க்கப்பல் நடுக்கடலில் மூழ்கடித்துவிட்டது. நம் ஊரில் எம்டனால் நஷ்டப்பட்டவர்களின் பட்டியலில் நகரமைப்புக் கலையையும் சேர்க்க வேண்டும் போலும்! ஆனால் மனிதர் சளைக்கவில்லை. வேறு படங்களைச் சேகரித்து 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். அப்புறம் இந்த மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

தஞ்சைக் கோட்டைப் பகுதியில், நெருக்கமான சந்துகளை இடித்துத் தள்ளி நேர்க்கோட்டுத் தெருக்கள் போட வேண்டும் என்று ஒரு திட்டம் இருந்தது. கெட்டஸ் அந்தச் சந்துகளிலே கால்நடையாகப் போய், எந்த வீடு உண்மையிலேயே இடியும் நிலையில் இருக்கிறது, எந்தக் காலி மனையைத் திறந்துவிட்டால் காற்று வரும், எந்தச் சந்தைச் சற்றே அகலப்படுத்தினால் போதும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரிய இடிப்பே வேண்டாம், சில்லறைத் திருத்தங்களால் முக்கால்வாசி நன்மை சித்திக்கும், செலவும் மிகக் குறையும் என்று காட்டினார். பின்னாளில் இந்தூரில் அவர் தீபாவளி ஊர்வலம் ஒன்றை நடத்தினார். எந்தத் தெருவார் தம் தெருவை அதிகம் சுத்தம் செய்கிறார்களோ அந்தத் தெரு வழியாக ஊர்வலம் போகும் என்று அறிவித்து, ஊர் முழுவதும் துடைப்பமும் கையுமாய் நிற்கும்படி செய்தார். சட்டப் பிரிவு எதுவும் காட்டாமல் ஜனங்களைக் காரியத்தில் இறக்கிய சாமர்த்தியம் அது. வரைபட மேஜையை விட்டு எழுந்து தெருவில் நடந்ததனால் அவருக்குத் தெரிந்த சங்கதிகள், நடக்காததனால் நம் காலத்து ஆலோசனை நிறுவனங்களுக்குத் தெரியாமற் போகின்றன. அவற்றின் கட்டணம் மட்டும் குறைவதில்லை.

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை கடலை ஒட்டிச் செல்லும் லூப் சாலையின் விவகாரத்தையும் இந்த இடத்தில் பிரஸ்தாபிக்க வேண்டும். அந்தச் சாலையின் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நொச்சிக்குப்பம் முதலான மீனவக் குப்பங்கள். சாந்தோம் நெடுஞ்சாலையின் நெரிசலிலிருந்து தப்ப வந்த வாகனங்களுக்கு அது ஒரு குறுக்கு வழி. மீனவப் பெண்களுக்கோ, படகிலிருந்து இறங்கிய மீனை உயிர்த் துடிப்பு அடங்குமுன் விற்றுவிடுகிற அங்காடி. படகு கரையேறும் இடம், வலை உலரும் இடம், மீன் விற்கும் இடம், உறங்கும் வீடு ஆகிய நான்கும் கூப்பிடு தூரத்தில் இருப்பதுதான் அந்தத் தொழிலின் ஆதாரம். 2023 ஏப்ரலில், அந்தச் சாலையோரக் கடைகளை ஆக்கிரமிப்பு என்று கருதி உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மாநகராட்சி கடைகளை அகற்றத் தொடங்கியது. மீனவர்கள் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். எங்கள் கடற்கரையின் மேல் நீங்கள் சாலையைப் போட்டுவிட்டு எங்களையே ஆக்கிரமிப்பாளர் என்கிறீர்களே என்று அவர்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதில் யாரிடமும் இல்லை. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களை அகற்றப்போய், துப்பாக்கிப் பிரயோகத்தில் மீனவர்கள் மாண்ட கதையை அந்தக் குப்பங்களில் இன்னும் எவரும் மறக்கவில்லை என்பதையும் சேர்த்தே இதை நோக்க வேண்டும்.

லூப் சாலை விவகாரம் ரத்தத்தில் முடியவில்லை. அது நம் பாக்கியம். அதே சாலையில், அதே குப்பத்துக்கு எதிரே, 300-க்கும் மேற்பட்ட கடைகளோடு ஒரு மீன் அங்காடி கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. சாலையும் இருக்கிறது, வியாபாரமும் கரையை விட்டுப் போகவில்லை. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: சாலை முதலில், வழக்கு அதன் பின், இடிப்பு அதன் பின், மறியல் அதன் பின், அங்காடி எல்லாவற்றுக்கும் கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, சாலையை அகலப்படுத்த நினைத்த அன்றே அங்காடியையும் நினைத்திருந்தால், எத்தனை கூடை மீன் தெருவில் கொட்டப்படாமல் இருந்திருக்கும்! பாண்டி பஜாரில் இதைவிடப் பக்குவமாக நடந்துகொண்டார்கள். 2019-இல் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்பே, பரீட்சார்த்தமாகச் சில நாள் வாகனங்களை நிறுத்திவைத்து, கடைக்காரரும் நடப்பவரும் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். அதே மாநகராட்சிக்கு அதே நகரத்தில் இரண்டு சுபாவம் எப்படி வந்தது என்று ஆராய்ந்தால், பாண்டி பஜாரில் பெரிய கடைகள் இருந்தன, லூப் சாலையில் கூடைகள் இருந்தன என்ற விடைதான் கிடைக்கும் என்று தோன்றுகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, ஸ்தலவாசிகள் என்று நாம் மரியாதையோடு அழைப்பவர்களைப் பற்றியும் இரண்டொரு கசப்பான வார்த்தை சொல்லாவிட்டால் நடுநிலை தவறியவனாவேன். குரல் எழுப்பத் தெரிந்தவர்களின் குரலே நகரத்தில் கேட்கிறது. வசதியான பேட்டைகளின் குடியிருப்போர் நலச் சங்கங்களில் ஓய்வு பெற்ற அதிகாரிகளும் வக்கீல்களும் இருக்கிறார்கள். மனு எழுதவும், பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கவும், நீதிமன்றத்துக்குப் போகவும் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் கேட்பதில் மரத்தைக் காப்பதும் பூங்காவைக் காப்பதும் உண்டு. எங்கள் தெருவில் தள்ளுவண்டி கூடாது, எங்கள் வார்டில் ஆதரவற்றோர் விடுதி கூடாது, எங்கள் பக்கத்தில் குப்பை பிரிக்கும் கூடம் கூடாது என்பதும் உண்டு. அதே தெருவில் இருபது வருஷமாகக் காய்கறி விற்கிறவர் ஸ்தலவாசியல்லவா? மாடியில் வாடகைக்கு இருக்கிறவரை எந்தச் சங்கம் கூட்டத்துக்கு அழைக்கிறது? ஒவ்வொரு பேட்டையும் தனக்கு வேண்டாததைத் தள்ளிக்கொண்டே போனால், அது கடைசியில் தள்ளத் திராணியற்றவர்களின் வாசலில் போய் நிற்கும். மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பும், எண்ணூரின் அனல் மின் நிலையங்களும், கொடுங்கையூரின் குப்பை மலையும் வடசென்னையிலேயே கூடி நிற்பது தற்செயலன்று. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வரவிருக்கிறது என்று அறிந்து, 2025-இல் அந்தப் பகுதி ஜனங்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள். எங்கள் பக்கம் வேண்டாம் என்று அவர்கள் சொல்வதும், நிழல் மரங்கள் சூழ்ந்த ஒரு பேட்டையார் அப்படிச் சொல்வதும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். ஐம்பது வருஷம் நகரத்தின் அழுக்கைச் சுமந்தவர் சொல்வதற்கும் ஒருநாளும் சுமக்காதவர் சொல்வதற்கும் ஒரே நிறை கொடுப்பது நீதியாகாது. ஆகையால் ஸ்தலவாசிகளுக்குத் தடை அதிகாரம் கொடுக்க வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. அவர்களுக்குப் பதில் பெறும் உரிமை வேண்டும் என்கிறேன்.

அந்த உரிமையை எங்கே நிலைநிறுத்துவது? பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022 ஆகஸ்டில் வெளியானதும், ஏகனாபுரத்து ஜனங்கள் தம் கிராம சபையைக் கூட்டி எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மறுபடியும் மறுபடியும் நிறைவேற்றினார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தார்கள். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அவசியமா, அவசியமாயின் ஏரிகள் நிறைந்த அந்த இடந்தானா என்பது தனி வழக்கு. அத்தீர்மானங்களை மதித்தவர் இல்லை என்பதும் உண்மை. ஆயினும் தீர்மானம் போட அவர்களுக்கு ஒரு சபை இருந்தது. அதில் இன்ன தேதியில் இன்னது சொன்னோம் என்று எழுதிவைக்க ஒரு புத்தகம் இருந்தது. 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சியின் எல்லைக்குள் வாழ்கிற கூவக்கரைவாசிக்கு அந்த ஒன்றும் இருந்ததில்லை.

சபை இல்லாதது போகட்டும், சில ஆண்டுகள் கவுன்சிலரே இருந்ததில்லை. 2016 அக்டோபரில் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் தனி அதிகாரிகளின் ஆட்சி. ஆற்றங்கரைகளிலிருந்து குடும்பங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டதில் பெரும்பகுதி அந்த வருஷங்களில் நிகழ்ந்தது; யாரிடம் போய் முறையிடுவது என்று கேட்டால், அந்த வார்டுக்கு ஆளே இல்லை. 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் வார்டு குழுக்களைப் பற்றிப் பேசியது. அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து, 2022-இல், வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைய நம் மாநிலம் விதிகள் செய்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி பகுதி சபைகள் முதன்முதலாகக் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். நல்ல ஆரம்பம் என்று வாழ்த்தியவர்களில் நானும் ஒருவன். ஆனால் பகுதி சபையின் பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார்கள். கூட்டங்களில் பேசப்படுவது பெரும்பாலும் தெருவிளக்கும் சாக்கடை அடைப்பும் நாய்த் தொல்லையுமே. அவை அற்ப விஷயங்கள் என்று நான் சொல்லவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டவருக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய விஷயம் கிடையாது. எனினும் அந்தத் தெருவின் தலையெழுத்தையே மாற்றப்போகிற பாலமோ, சாலையோ, இடமாற்றமோ அந்தச் சபையின் முன் வைக்கப்படுவதில்லை.

வைக்கப்பட வேண்டும், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்னே வைக்கப்பட வேண்டும். ஒரு வழியைக் காட்டிச் சம்மதமா என்று கேட்பதைவிட, இரண்டு மூன்று வழிகளையும் அவற்றின் செலவையும், ஒவ்வொன்றிலும் யார் வீடு போகும், யார் தொழில் போகும் என்பதையும் தெருப் பெயரோடு தமிழில் எழுதி, ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்டிவைத்து, ஒரு மாதம் கழித்துச் சபையைக் கூட்டட்டும். சபையார் சொன்ன யோசனைகளில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் ஏற்கவில்லை என்று பொறியாளரின் கையெழுத்தோடு பதில் வரட்டும். தாமதமாகும் என்று சொல்வார்கள். ஆகட்டுமே, நீதிமன்றத் தடையில் வருஷக்கணக்காகத் தூண்கள் அந்தரத்தில் நிற்பதைக் கண்டவர்கள் ஒரு மாதத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. இடம் பெயர்த்தே ஆக வேண்டிய குடும்பங்களுக்கு, வீட்டின் சதுர அடியை அளப்பதோடு வேலைக்குப் போகும் தூரத்தையும் அளந்து, அது முன்னிருந்ததைவிட எவ்வளவு அதிகம் என்பதையும் உத்தரவிலேயே குறிப்பிடச் செய்தால், பெரும்பாக்கங்களின் எண்ணிக்கை தானாகவே குறையும்.

2008-இல் அறிவிக்கப்பட்ட சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026-உடன் முடிவடைகிறது. மூன்றாவதற்குரிய வேலைகள் நடந்து வருகின்றன. 1,189 சதுர கிலோமீட்டராயிருந்த பெருநகரத்தின் எல்லை 2022-இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்திருப்பதால், இதுவரை தம்மை நகரத்தாராக எண்ணியே பாராத எத்தனையோ ஏரிப்பாசனக் கிராமங்கள் இனி நகர நிர்மாணத்தின் வரைபடத்துக்குள் வருகின்றன. நகரமைப்புச் சட்டம் விதிக்கிற ஆட்சேப அவகாசத்தை வழக்கம்போல் அரசிதழிலும் இணையத்திலும் வெளியிட்டுக் கழித்துவிடலாம். அல்லது அந்தந்த வரைபடத் துண்டை அந்தந்தப் பகுதி சபைக்கும் கிராம சபைக்கும் அனுப்பி, கூடிய நாளையும் சொன்ன யோசனையையும் பதிவு செய்து வாங்கலாம். இரண்டாவதைச் செய்யப் புதிய சட்டம் வேண்டியதில்லை. வளர்ச்சிக் குழுமத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.